நீக்கிய பிறகும் நீங்காதவை

நம் கணினி, நம் பொறுப்பு – 11

சென்ற வாரம் லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவுவதையும் நீக்குவதையும் பார்த்தோம். நீக்கிய மென்பொருள் முழுக்கப் போய்விடுகிறதா என்றால், இல்லை. நிரல் போகிறது. அதற்கு நாம் சொல்லிவைத்த விருப்பங்கள் அமைப்புக் கோப்புகளாக அங்கேயே கிடக்கின்றன.

உபுண்டுவோ டெபியனோ வைத்திருப்பவர்கள் கோப்பு மேலாளரைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு எச் விசையையும் அழுத்திப் பாருங்கள். ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் என்று நாலைந்து கோப்புறைகள் மட்டும் தெரிந்த உங்கள் முகப்புக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரே ஒரு முறை திறந்த விளையாட்டு, பிடிக்காமல் நீக்கிய பாட்டு இயக்கி, முன்பு பயன்படுத்திய மேசைத்தளம் எல்லாவற்றின் தடமும் அங்கே இருக்கும்.

புள்ளி வைத்தால் கோப்பு மறையும் என்ற வழக்கமே தற்செயலாக வந்தது. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவான தொடக்க நாட்களில், ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் அதையே குறிக்கும் ஒற்றைப் புள்ளியும், அதற்கு மேலுள்ள கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் இருந்தன. பட்டியலிடும் எல்எஸ் கட்டளை இந்த இரண்டையும் காட்டாமலிருக்க, கென் தாம்சனோ டென்னிஸ் ரிட்சியோ ஒரு சின்னச் சோதனையைச் சேர்த்தார்: பெயரின் முதல் எழுத்து புள்ளியா? அப்படியானால் விட்டுவிடு. முழுப் பெயரையும் ஒப்பிட்டிருந்தால் அந்த இரண்டு மட்டும் மறைந்திருக்கும். முதல் எழுத்தோடு நிறுத்தியதால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தன. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012ல் இதை விவரித்தபோது, மறைகோப்பு என்பது யாரும் எண்ணிச் செய்த ஏற்பாடு அல்ல என்று எழுதினார். கண்ணுக்குத் தெரியாத இடம் கிடைத்ததும் ஒவ்வொரு நிரலும் தன் கோப்பை அங்கே போடத் தொடங்கியது. தெரியாததால் யாரும் கேட்கவுமில்லை.

ஒழுங்குபடுத்தும் முயற்சி 2003ல் நடந்தது. ஃப்ரீடெஸ்க்டாப் குழுவினர் எக்ஸ்டிஜி என்ற வரையறையை வெளியிட்டார்கள். அமைப்புகளுக்கு ஒரு கோப்புறை, தரவுகளுக்கு ஒன்று, தற்காலிகக் கோப்புகளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள். நல்ல வரையறை. பல மென்பொருள்கள் பின்பற்றின. பாஷ், எஸ்எஸ்எச் போன்ற மூத்தவை பழைய இடத்திலேயே இருந்துவிட்டன. இடம் மாறியவையும் பழைய வீட்டைக் காலி செய்யவில்லை. 2011ல் க்னோம் 3 மேசைத்தளம் வந்தபோது அமைப்புகள் ஜிகான்ஃபிலிருந்து டிகான்ஃபுக்கு மாறத் தொடங்கின. 2014ல் கேடிஈயின் பிளாஸ்மா 5 மேசைத்தளம் வந்தபோது அதன் கோப்புகள் புதிய கோப்புறைக்குப் போயின. அந்தக் காலத்திலிருந்து ஒரே முகப்புக் கோப்புறையை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தி வருபவர்களிடம் இரண்டு தலைமுறைக் கோப்புகளும் இருக்க வாய்ப்புண்டு.

இது முழுக்க அலட்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. டெபியனின் கொள்கை ஆவணமே, மென்பொருள் பொதியை நீக்கும்போது அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்க வேண்டும், பயனர் 'பர்ஜ்' என்று தனியாகச் சொன்னால்தான் அழிக்க வேண்டும் என்கிறது. பல நாள் பாடுபட்டு அமைத்த ஒரு வழங்கியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவருக்கு அந்தக் கோப்பு திரும்பக் கிடைக்கிறது. பர்ஜ்கூட கணினியின் பொதுக் கோப்புகளைத்தான் அழிக்கும். உங்கள் முகப்புக் கோப்புறையில் கை வைக்காது. பலர் பயன்படுத்தும் கணினியில், நிர்வாகி ஒருவர் நீக்கியதற்காக மற்றவர்களின் விருப்பங்கள் அழியக் கூடாது அல்லவா? இந்த முடிவு சரியானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் எது யாருடையது, எது இனி தேவையில்லை என்பதைப் பயனருக்குச் சொல்லும் வேலையை எவரும் ஏற்கவில்லை. அதுதான் குறை.

வட்டில் இவை அடைக்கும் இடம் பெரும்பாலும் சொற்பம்; சில கிலோபைட். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மென்பொருள் திறக்க மறுக்கிறது என்று வையுங்கள். நீக்கி, மறுபடி நிறுவுகிறீர்கள். அதே கோளாறு. பழுதான அமைப்புக் கோப்பு முகப்புக் கோப்புறையில் அப்படியே இருப்பதால், புதிதாக வந்த நிரலும் அதையே படிக்கிறது. அந்த ஒரு கோப்புறையின் பெயரை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கலுக்காக இயங்குதளத்தையே அழித்து மறுபடி போடுகிறவர்கள் உண்டு.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது கடவுச்சொற்கள். கோப்புகளை வழங்கிக்கு ஏற்றப் பயன்படும் ஃபைல்ஸில்லாவில் முதன்மைக் கடவுச்சொல் வைக்காமல் தளங்களைச் சேமித்தால், அந்தக் கடவுச்சொற்களைக் கோப்பிலிருந்து எவரும் எளிதாக எடுத்துவிடலாம். நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் மென்பொருளின் 'ஸ்டோர்' வசதி கடவுச்சொல்லை வெறும் எழுத்தாகவே எழுதிவைக்கிறது. மென்பொருளை நீக்கினாலும் கோப்பு இருக்கும். கணினியை விற்றால் அதுவும் சேர்ந்து போகும்.

அதற்காக மறைந்திருப்பதையெல்லாம் துடைத்தெறிந்துவிடாதீர்கள். தண்டர்பேர்டின் கோப்புறைக்குள் உங்கள் மின்னஞ்சல்களே இருக்கின்றன. எஸ்எஸ்எச், ஜிஎன்யூபிஜி கோப்புறைகளில் உள்ள சாவிகள் போனால் திரும்ப வராது. லிப்ரே ஆஃபிஸ் கோப்புறையில், பிழைதிருத்தி அறியாத ஊர்ப்பெயர்களையும் வட்டாரச் சொற்களையும் நீங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்த சொற்பட்டியல் இருக்கிறது. தமிழில் எழுதுகிறவருக்கு அது ஆண்டுக்கணக்கான உழைப்பு.

தானியங்கித் துப்புரவுக் கருவிகளிடமும் எச்சரிக்கை தேவை. விண்டோஸில் இதே குப்பை ரெஜிஸ்ட்ரியில் சேர்கிறது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கருவிகளை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. பெயர்பெற்ற துப்புரவுக் கருவியான சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே 2017ல் தீநிரல் நுழைந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை எட்டியது.

கையால் செய்வதே நல்லது. முதலில் முகப்புக் கோப்புறையைக் காப்பெடுங்கள். சினாப்டிக் என்ற பொதி மேலாளரை வைத்திருப்பவர்கள் அதன் நிலைப் பட்டியலில், நீக்கிய பின்னும் அமைப்புக் கோப்பு எஞ்சியிருக்கும் பொதிகளைத் தனியாகப் பார்க்கலாம். வேண்டாதவற்றை முழுமையாக நீக்கச் சொல்லலாம். முகப்புக் கோப்புறையில், எந்த மென்பொருளுடையது என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் தொடுங்கள். அந்த மென்பொருள் ஓடாத நேரத்தில், அழிக்காமல், வேறொரு கோப்புறைக்கு நகர்த்திவையுங்கள். சில வாரங்கள் எதுவும் முறையிடாவிட்டால் அழிக்கலாம். கடவுச்சொல் இருந்த கோப்பாக இருந்தால், அழிப்பதோடு நிறுத்தாமல் அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

உண்மையிலேயே வட்டை நிரப்புபவை தற்காலிகக் கோப்புகள். அவற்றை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)