துக்க வீட்டில் ஒரு தானம்

கொலம்பியா நாட்டின் ஆன்டியோகியா மலைக்கிராமங்களில் சில குடும்பங்களுக்கு 40 வயதைத் தாண்டினாலே பயம்தான். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதில் ஆரம்பிக்கும். 50 வயதை ஒட்டி முழு மறதிநோயாக முற்றிவிடும். ஊர்க்காரர்கள் இதை ‘லா போபெரா’ என்றார்கள். ‘மந்தம்’ என்று அர்த்தம். யாரோ சூனியம் வைத்துவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள்.

1980-களில் நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா, இவர்களைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனார். சர்ச் பதிவேடுகளைப் புரட்டி, பழைய தலைமுறைகளைக் கோத்துப் பார்த்தால், சுமார் 6,000 பேர் கொண்ட பெரிய வம்சம்! 1995-ல் காரணம் பிடிபட்டது. பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

குடும்பத்தினர் ரத்தம் கொடுத்தார்கள், ஸ்கேனுக்குப் படுத்தார்கள். அதைவிடக் கஷ்டமான ஒன்றையும் லோபெரா குழு கேட்டது: இறந்தவரின் மூளை. அதையும் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நம் வீடுகளில் கண்தானத்துக்கே எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கிறது! அவர்கள் கொடுத்தார்கள். மெடலின் நகரப் பல்கலைக்கழகத்தில் இப்போது நூற்றுக்கணக்கான மூளைகள் பாதுகாக்கப்படுகின்றன.

2013-ல் மருந்துச் சோதனை தொடங்கியது. 252 பேர் சேர்ந்தார்கள். பிழை இல்லாதவர்களையும் வேண்டுமென்றே சேர்த்து, அவர்களுக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள். சோதனைக்குப் போகிறார் என்பதை வைத்தே ‘இவருக்கு நோய் வரும்’ என்று ஊர் முடிவுகட்டிவிடக் கூடாதே! தனக்கு இருக்கிறதா, இல்லையா என்று தெரியாமலேயே வருடக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டார்கள். 2022-ல் முடிவு வந்தது. மருந்து எதிர்பார்த்த பலன் தரவில்லை.

ஆனால், வேறொரு பக்கம் கதவு திறந்திருந்தது. அதே வம்சத்துப் பெண் ஒருவர். பிழை இருந்தும் 70 வயதுவரை ஞாபகம் பெரிதாகப் பிசகவில்லை. அமிலாய்டு என்ற புரதம் மூளையில் குவிந்திருந்தது. நரம்பு செல்களைச் சேதப்படுத்தும் ‘டவ்’ மட்டும் குறைவு. ஏபிஓஇ என்ற மரபணுவில் ‘கிறைஸ்ட்சர்ச்’ எனப்படும் அபூர்வ மாற்றம் அவருக்கு இரட்டையாக இருந்ததை, 2019-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2020-ல் அவர் இறந்ததும் குடும்பம் மூளையைக் கொடுத்தது.

அதே மாற்றம் ஒற்றையாக உள்ள உறவினர்கள் 27 பேருக்கு நோய் சுமார் ஐந்து ஆண்டு தள்ளிப்போனதை 2024-ல் கண்டார்கள். இப்போது அந்த மாற்றம் செய்யும் வேலையை மருந்தால் செய்ய முடியுமா என்று ஆய்வகங்கள் முயல்கின்றன. லோபெரா அந்த ஆண்டு செப்டம்பரில் காலமானார். அந்தக் கிராமங்களிலிருந்து அடுத்த தலைமுறை இன்றும் பரிசோதனைக்காக மெடலினுக்கு வந்துகொண்டிருக்கிறது.