தன்னீர்ப்பை எப்போது அளத்தல் வேண்டும்? பியர் வடித்தலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஊவாத் தோட்டங்களிலே பசு வளர்த்துப் பால் விற்கும் குடும்பங்கள் பால்மானியை நன்கறியும். கறந்த சூட்டோடு அளந்தால் நல்ல பாலும் ஐதானதாகத் தோன்றும். பாலை ஆறவிட்டு, கருவிக்குரிய வெப்பநிலையில் அளத்தல் வேண்டும். நேரம் தவறிப் பெற்ற எண், நீர் கலவாதவர்மீதும் பழி சுமத்திவிடும். அளவீட்டுக்குரிய காலம் பற்றிய இவ்வுண்மையை, வெலிமடைக்கு அயலிலுள்ள நுவரெலியாவில் 19 ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய பியர் வடித்தற் கலையைக் கொண்டு மேலும் விளக்குவோம். உரிமமின்றி வீட்டில் வடித்தலை இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடைசெய்கின்றது. வேறு பல நாடுகளில் அது அனுமதிக்கப்பட்ட வீட்டுக்கலையாகும். நாம் இங்கு கருதுவது அதன் அறிவியலையே.

நீரின் தன்னீர்ப்பு 1.000 ஆகும். முளைவிட்டு உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஊறவைக்க, நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக மாற்றுகின்றன. வெல்லம் கரைந்த சாற்றில் நீரமானி உயர்ந்து மிதக்கும். பின்னர் மதுவம் அவ்வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுந்தோறும் கருவி தாழும். இம்மாற்றத்தை அறிய நான்கு தருணங்கள் முக்கியமானவை.

முதலாவது, தானியத்தைச் சுடுநீரால் அலசிச் சாறு வடிக்கும் வேளை. இறுதியில் வடிவது 1.010 அளவுக்கு இறங்கியதும் நிறுத்துதல் நன்று. மேலும் அலசினால் உமியின் தனின் கலந்து துவர்க்கும். நெடுநேரம் ஊறிய தேயிலைச் சாயம் துவர்ப்பதும் இவ்வாறே.

இரண்டாவது, கொதிக்கவைப்பதற்கு முன். முன்வடிந்த கனத்த சாறு அடியில் தங்குமாதலால் நன்கு கலக்கியே மாதிரி எடுக்கவேண்டும். 1.040 காட்டும் 25 இலீற்றர் சாறு 20 இலீற்றராக வற்றினால் 1.050 ஆகும். எண் குறைந்திருப்பின் நெடுநேரம் கொதிக்கவைத்தும், கூடியிருப்பின் நீர் சேர்த்தும் இப்போதே திருத்தலாம்.

மூன்றாவது, சாறு ஆறியபின், மதுவம் இடுமுன். இதுவே தொடக்க அளவு. இதனைத் தவறவிட்டால் பின்னர் நேரடியாகப் பெற இயலாது.

நான்காவது, நொதித்தல் அடங்கியபின். மாதிரியைக் குலுக்கி வாயுவை வெளியேற்றவேண்டும். இல்லையேல் குமிழிகள் கருவியை உயர்த்திவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகள் ஒத்திருத்தல் வேண்டும். ஆயினும் வெலிமடை போன்ற மலைப்பகுதிகளின் மார்கழி, தை மாதக் குளிரில் மதுவம் சோர்ந்து, வெல்லம் எஞ்சியிருக்கவும் எண் அசையாதிருக்கலாம். எதிர்பார்த்த அளவை அது எட்டியதா என்று ஒப்பிட்டு, எட்டாவிடின் சற்று வெதுவெதுப்பான இடத்தில் வைத்து மீண்டும் அளக்கவேண்டும். அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்தால் எஞ்சிய வெல்லம் நொதித்துப் போத்தல் வெடிக்கக்கூடும். நாள்தோறும் திறந்து அளப்பதும் தவறு. வேண்டாத நுண்ணங்கிகள் புகும்.

தொடக்க அளவு 1.050, இறுதி அளவு 1.012 எனின், வேறுபாடான 0.038 ஐ 131 ஆற் பெருக்க, அற்ககோல் ஏறத்தாழ 5 வீதம் எனப் பெறப்படும். ஓர் எண் மட்டும் இதனைக் கூறாது.

ஆகவே எந்நிலையில், எவ்வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்ற குறிப்பின்றி எண் பொருள்தருவதில்லை. கருவி ஒருவர் கையிலும் அதன் விளைவு மற்றொருவர் வருவாயிலும் இருக்கும் பாற்சேகரிப்பு நிலையங்களில், அந்நிபந்தனைகளைக் கேட்டறியும் உரிமை பால் கொணரும் தொழிலாளிக்கு உண்டு. அவற்றை அவர் மொழியில் எழுதிவைத்தல் அறிவியல் கற்றோரின் கடமையாகும்.