பேப்பர் போடும் முன்

திருநெல்வேலியில் 'பேப்பர் போடுற பையன்' என்றால், விடியுமுன் சைக்கிள் கேரியரில் நாளிதழ்க் கட்டோடு தெருவுக்குள் நுழைகிற பையன்தான். இப்போது அதே சொல்லைச் சென்னையில் இருக்கும் மகனோ மகளோ போனில் சொன்னால் வீடு கலங்கிப்போகிறது. "பேப்பர் போடச் சொல்லிட்டாங்கம்மா." ராஜினாமாவுக்கு ஐ.டி. வட்டாரம் வைத்த பெயர் அது. இத்தனைக்கும் அதில் காகிதமே கிடையாது. நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் காரியம் முடிந்தது.

அந்த ஒரு அழுத்தலில் கையைவிட்டுப் போவது என்னென்ன என்பது, அழுத்திய பிறகுதான் பலருக்கும் தெரியவருகிறது.

மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலையில் இருந்தவர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகத் தெரியும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் காட்டை எடுத்த பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், குத்தகை 2028-ல் முடியவிருக்கும் நிலையில், 2024-ல் தேயிலைத் தோட்டத்தை மூடும் வேலையில் இறங்கியது. தொழிலாளர்கள் முன் வந்த தாளின் தலைப்பு 'விருப்ப ஓய்வு'. எங்கள் விருப்பம் அதில் எங்கே இருக்கிறது, கட்டாயப்படுத்தியல்லவா கையெழுத்து வாங்கினார்கள் என்று தொழிலாளர் தரப்பு கேட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கை அந்த டிசம்பரில் தள்ளுபடியானது. இதே தோட்டத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம், தடியடியில் சிதறி, 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை.

கொழுந்து கிள்ளியவருக்கும் லேப்டாப் தட்டுகிறவருக்கும் சம்பளத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் அந்தத் தாளின் சூத்திரம் மலையிலும் கண்ணாடிக் கட்டடத்திலும் ஒன்றேதான்: முடிவு நிறுவனத்துடையது, கையெழுத்து ஊழியருடையது.

பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள் விற்பது ஆட்களின் நேரத்தை. கிளையன்டுக்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் பில் போகும். புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காதவர் 'பெஞ்ச்'சில் உட்கார வேண்டும். டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.) 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாளாவது பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும். பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே, மொத்த ஊழியரில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. புராஜெக்ட் பிடித்துத் தருவது விற்பனைப் பிரிவின் வேலை. அது வராததற்கு, கோடு எழுதுகிறவர் எப்படிப் பொறுப்பாவார் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பெஞ்சுக்கு நேர் எதிர்முனையில் இருப்பது ஓய்வே இல்லாத வேலை. எர்ன்ஸ்ட் அண்ட் யங் குழுமத்தின் பூனே அலுவலகத்தில் சேர்ந்த நான்கே மாதத்தில், 2024 ஜூலையில், கேரளத்தைச் சேர்ந்த 26 வயது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஒருவர் இறந்துபோனார். இரவும் ஞாயிறும் பாராமல் வேலை வாங்கியதை விவரித்து அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாட்டையே உலுக்கியது. வேலைப்பளுதான் உயிரைப் பறித்தது என்பதை நிறுவனத் தலைமை ஏற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை ஆய்வுக்குப் போனபோதுதான் இன்னொன்று வெளியே வந்தது: அந்த அலுவலகம் 2007 முதல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படியான பதிவே இல்லாமல் நடந்துவந்திருக்கிறது.

அது என்ன சட்டம் என்று கேட்டால், நெல்லை ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் சட்டென்று சொல்லிவிடுவார். நமக்கு அது 1947-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். சேலை மடிக்கிறவருக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் திருத்தப்பட்டதும் இதுதான். சிறுசேரியிலும் கங்கைகொண்டானிலும் உள்ள மென்பொருள் அலுவலகங்களுக்கும் இதே சட்டம்தான். சாதாரணமாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் உழைத்தால் இரட்டைச் சம்பளம் என்கிறது. ஐ.டி. துறையில் அந்த இரட்டைச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பேப்பர் போடச் சொல்லும் காட்சியைப் பலரும் ஏறத்தாழ ஒரே மாதிரி சொல்கிறார்கள். மத்தியானம் மூன்றரைக்குக் காலண்டரில் 'கனெக்ட்' என்ற பெயரில் பதினைந்து நிமிட மீட்டிங் ஒன்று வந்து விழும். மேனேஜர் வீடியோவை அணைத்துவிட்டு மௌனமாக இருப்பார். பேசுவது எச்.ஆர்.தான். "ஆறு மணிக்குள்ள நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் கிளீனா வரும். இல்லேன்னா டெர்மினேஷன்னு சிஸ்டத்துல ஏறிடும். அடுத்த கம்பெனி பேக்கிரவுண்டு செக்ல பிரச்சினை ஆயிடும், பாத்துக்குங்க." பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில் ஹெட்போனோடு இருக்கும் மகனுக்குக் கீழேயிருந்து குரல் கேட்கும்: "ஏலே, காப்பி ஆறுது, எறங்கி வாலே."

அந்த மாலையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. யோசிக்க அவகாசம் கேட்டு, சொன்னதை மெயிலில் அனுப்பும்படி சொல்வது. அவர்கள் அனுப்ப மாட்டார்கள். அப்போது ஊழியரே எழுதிவிடலாம்: இன்ன தேதியில், இத்தனை மணிக்கு, இன்னின்னார் என்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள், எனக்கு விருப்பமில்லை, வேலையைத் தொடரத் தயாராக இருக்கிறேன். நான்கு வரி போதும். மிரட்டி வாங்கிய ராஜினாமா, ராஜினாமா ஆகாது என்பது சட்டம். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் ஊழியர் தலையில். அந்த நான்கு வரியின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

கணக்காகவே பார்ப்போம். சட்டம் 'சம்பளம்' என்று கொள்ளும் தொகை மாதம் 60,000 ரூபாய், சர்வீஸ் 8 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான 60,000. ஆண்டுக்கு 15 நாள் வீதம் இழப்பீடு சுமார் 2,40,000. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளம், சுமார் 30,000. கூட்டினால் 3,30,000. அவரே பேப்பர் போட்டுவிட்டால் இதில் எதையும் கேட்க முடியாது. மிரட்டலை நிரூபிக்க முடியாவிட்டால், நீக்கத்தை எதிர்த்து வழக்காடும் உரிமையும் கூடவே போய்விடும். கிராஜுவிட்டிக்கு மட்டும் ஆபத்தில்லை. 5 ஆண்டு முடித்தவருக்கு, ராஜினாமா செய்தாலும் அது உண்டு.

300 பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டுமாமே என்று சிலர் நம்பிக்கையோடு கேட்பதுண்டு. அது ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டும். ஐ.டி. அலுவலகத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும். மாற்றினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி உண்டு. சம்பளம் ஏறிய சீனியர்களைக் குறிவைத்து நீக்கும்போது இந்த விதி கண்ணில் படுவதேயில்லை.

இந்த உரிமைகள் 'தொழிலாளி'க்குத்தான் என்பதால், நிறுவனங்கள் வழக்கமாக எடுக்கும் கேடயம், 'இவர் தொழிலாளி அல்ல, மேனேஜர்' என்பது. விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதல்ல, நாள் முழுக்க என்ன வேலை செய்தார் என்பதுதான் கேள்வி. டி.சி.எஸ். 2015-ல் நீக்கிய சென்னை ஊழியர் ஒருவர் இந்த வாதத்தை எதிர்த்து 7 ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்கினார். 2022-ல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் அவரைத் தொழிலாளிதான் என்று ஏற்று, நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. அதே 2015 ஜனவரியில், கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் நீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, நிறுவனமே நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. ஒருவருக்கு ஏழு ஆண்டு, இன்னொருவருக்குச் சில வாரம். எல்லா வழக்கும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஐ.டி.காரர்கள் சங்கம் வைக்கலாமா என்ற சந்தேகமும் தீர்ந்துபோன ஒன்று. அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்கு எந்த விலக்கும் இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

முறையிடப் போகிறவர் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 6 மாதமாவது வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கினால், கடைகள் சட்டத்தின் 41-ம் பிரிவில் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கெடு 30 நாள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த வழி இல்லை. தொழிலுறவுத் தொகுப்பின்படி சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து, 45 நாளில் தீராவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீக்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும். சமரசப் பேச்சில் வக்கீல் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வைக்க முடியாது. பெண்களுக்கும் தொழிலாளருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், தொலைபேசி 15100. வேலை பூனேயிலோ பெங்களூரிலோ என்றால் அந்த மாநிலத்துக் கடைகள் சட்டம்தான் பேசும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர், பணியிடம் என்று நியமனக் கடிதத்தில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது.

அழுத்திவிட்டவருக்கும் ஒரு வாசல் உண்டு. ராஜினாமா நடைமுறைக்கு வருமுன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உதாரணத்துக்கு, 2024 செப்டம்பரில், கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கில். அது பொதுத்துறை. தனியார் நிறுவனத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், மறுநாள் காலைக்குள் மெயில் போயிருக்க வேண்டும்.

பாலியல் தொல்லை புகார் தனித் தடம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். கிளையன்ட் அலுவலகமும், கம்பெனி கேப்பும் சட்டத்தின் பார்வையில் பணியிடமே. தூக்கமும் பசியும் போய் மனசு கனத்துவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மீட்டிங் முடிந்த சில மணி நேரத்தில் லாகின் பூட்டப்படும். மெயில், சம்பளச் சீட்டு, 'எக்ஸீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்' என்று புகழ்ந்த பழைய அப்ரைசல், எல்லாம் அந்தப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். ஆகவே தன்னைப் பற்றிய தாள்களை மட்டும் மாதாமாதம் சொந்தக் கணக்கில் சேர்த்துவைக்க வேண்டும். கிளையன்ட் கோப்பு ஒன்றைக்கூடத் தொடக் கூடாது. அதுவே நீக்கக் காரணமாகிவிடும். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் எத்தனையோ அப்பாமார் 1985-ம் வருஷத்து வீட்டுத் தீர்வை ரசீதைக்கூட டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதே வீட்டில் பத்து வருஷ சர்வீஸ் போட்ட பிள்ளையிடம் நியமனக் கடிதம் எங்கே என்று கேட்டால், "ஆபீஸ் மெயில்ல இருக்குப்பா" என்கிறான்.