வாசலில் யாரையும் நிறுத்தாத சபை

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் நயாகராவைப் பற்றி எழுதுவார்கள். பெரிய பெரிய கடைகளைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுத வந்திருப்பது, நாற்பது பேருக்கு மேல் கூடாத ஒரு சின்ன தேவாலயத்தைப் பற்றி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மகள் குடியிருக்கும் சிற்றூரில் இருக்கிறது அது. வெள்ளைச் சாயம் பூசிய மரக் கட்டடம். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார். "நான் இந்து ஆச்சே" என்றேன். "அதனாலென்ன? அங்கே யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்" என்றார். மகளும், "போய்ட்டு வாயேம்மா! எத்தனை நாள் டி.வி.யையே பார்த்துண்டிருப்பே?" என்று அனுப்பி வைத்தாள்.

ஆராதனை நடத்தியவர் ஒரு பெண் போதகர். வேத வாசிப்பு ஒரு பள்ளிச் சிறுமி. எல்லாம் முடிந்ததும் கீழ்த்தளத்தில் காப்பி. ஆளுக்கொரு பலகாரமாகக் கொண்டுவந்து பொதுவில் வைக்கிறார்கள். அங்கேதான் அந்த அம்மாள் தன் கதையைச் சொன்னார்.

"என் பையனுக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை. பதினெட்டு வயதில் என்னிடம் சொன்னான். அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த சபையில், 'அவன் திருந்தட்டும், அப்புறம் வரட்டும்' என்றுவிட்டார்கள். பெற்ற பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து எப்படிப் பாடுவது? நானும் எழுந்து வந்துவிட்டேன். ஆறு வருஷம் எந்த ஆலயத்தின் படியும் மிதிக்கவில்லை."

இன்று அந்தப் பிள்ளையும் அவனுடைய துணைவனும் அம்மாவின் பக்கத்திலேயே உட்காருகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓட்டுப் போட்டுத் திறந்த கதவு

இந்தச் சபை, 'யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட்' என்ற பிராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்தது. 1957-ல் இரண்டு சபைப் பிரிவுகள் இணைந்து உண்டானது. அதில் ஒன்றின் வேர், 1620-ல் கப்பலேறி வந்த ஆங்கிலேயப் பியூரிட்டன் குடும்பங்கள் வரை போகிறது.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேலிடம் கட்டளை போடுவதில்லை. போதகரைத் தேர்ந்தெடுப்பதா, கட்டடத்தை விற்பதா, எல்லாவற்றையும் அந்தந்தச் சபையாரே கூடிப் பேசி, ஓட்டெடுத்து முடிவு செய்கிறார்கள். 1972-ல் தன்பாலின ஈர்ப்பை மறைக்காத ஒருவருக்கு இந்தப் பிரிவில் போதகர் பட்டம் தரப்பட்டது. 1985-ல் பொதுப் பேரவை, 'இப்படிப்பட்டவர்களையும் முழு அங்கத்தினராக ஏற்பதாகப் பகிரங்கமாக அறிவியுங்கள்' என்று சபைகளைக் கேட்டுக்கொண்டது. கேட்கத்தான் முடியும், முடிவு அவரவர் கையில்.

அந்தச் சின்ன சபையிலும் ஒரு வருஷம் பேசினார்களாம். ஓட்டெடுத்த பிறகு இரண்டு குடும்பங்கள் விலகிவிட்டன. நாற்பது பேர் கூடும் இடத்தில் இரண்டு குடும்பம் போவது லேசான நஷ்டமா? "மழை வந்தால் கூரை ஒழுகும். பணம் போதாது. ஆனாலும் கதவை மறுபடி மூட எங்களுக்கு மனசு வரவில்லை" என்றார் அந்த அம்மாள்.

ஒரு பெண்ணை நம்பிய கிராமம்

இது நேற்று முளைத்த துணிச்சல் அல்ல. அன்டோனெட் பிரவுன் என்ற பெண் ஓபர்லின் கல்லூரியில் இறையியல் படிப்பை 1850-ல் முடித்தார். பெண் என்பதால் பட்டம் கிடைக்கவில்லை! நியூயார்க் மாநிலத்தில் சவுத் பட்லர் என்ற கிராமத்துச் சிறு சபைதான், 'எங்களுக்கு நீங்கள் வாருங்கள்' என்றது. 1853 செப்டம்பர் 15-ல் அவருக்குப் போதகர் பட்டம் கொடுத்தது. கொள்கை மாறுபாட்டால் மறு வருஷமே அவர் விலகினார். ஆனால் திறந்த கதவு திறந்ததுதான். ஓபர்லின் கல்லூரியும் 1908-ல் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1920-ல், தொண்ணூற்றைந்து வயதில், ஓட்டும் போட்டார். 2023-ல் இந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கே ஒரு பெண், கேரன் ஜார்ஜியா தாம்ப்சன், தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம் மதுரைக்கும் உறவுதான்

"இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனும் இதே மரபில் வந்ததுதான். 1948-ல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் அந்த மிஷன் வழியில் பிறந்ததே. அந்த மரபினரும், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபையாரும் சேர்ந்துதான் 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உண்டாயிற்று. 2013-ல் அத்திருச்சபை நந்தியாலுக்குப் புஷ்பலலிதா என்ற பெண்மணியைப் பேராயராக்கியது.

எந்த மதத்திலும், எந்த வீட்டிலும் வாசலுக்கு வெளியே யாரோ ஒருவர் நிற்கத்தான் செய்கிறார். நம் வீட்டுக் கல்யாணத்தில், கணவனை இழந்த சித்தி மணவறைப் பக்கம் வராமல் சமையற்கட்டோடு ஒதுங்கிவிடுகிறாளே, அவளும் அப்படித்தான். அவளைக் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்து வரச் சட்டமா வேண்டும்? வீட்டில் நாலு பேர் சம்மதித்தால் போதும். அந்த நாலு பேரில் முதல் ஆளாக நாம் கை தூக்கலாமே!