சூரியன் வந்தது, வியாபாரி போகவில்லை
கட்ச் பாலைவனத்தின் உப்புத் தொழிலாளர்களுக்கு சோலார் பம்ப் டீசல் செலவைக் குறைத்திருக்கிறது. உப்பின் விலையும் நிலத்தின் உரிமையும் மட்டும் இன்னமும் பிறர் கையில்.

மழைக்காலத்து வெள்ளம் வடிந்ததும் குஜராத்தின் கட்ச் சிறு ரண் வெடித்துக் கிடக்கும் சேற்றுப் பாலைவனமாகிறது. பரப்பு சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். மரம் இல்லை, குடிநீர் இல்லை, மின்கம்பம் இல்லை. அக்டோபர் மாதம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடும் குழந்தைகளோடும் இங்கே வந்து இறங்குகின்றன. சாக்கும் தார்ப்பாயும் கொண்டு குடிசை போடுகிறார்கள். கிணறு தோண்டி உவர்நீரை இறைக்கிறார்கள். பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, மரப் பலகையால் வாரி, ஏப்ரல்வரை உப்பு விளைவிக்கிறார்கள். குஜராத்தியில் ‘அகர்’ என்றால் உப்பளம். இவர்கள் அகரியாக்கள்.

உப்பின் பெயரால் 1930-ல் தண்டிக்கு யாத்திரை நடந்த மாநிலம் இது. நாட்டின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. அந்த உப்பில் கணிசமான பகுதியை விளைவிக்கும் அகரியாவுக்கோ, அவர் விற்கும் ஒரு கிலோ உப்புக்குக் கிடைப்பது பைசாக் கணக்குதான். நகரத்துக் கடையில் பாக்கெட்டின்மேல் அச்சிட்ட விலையோடு அதை ஒப்பிடவே முடியாது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தப் பாலைவனத்தில் ஒரு புதிய காட்சி. குடிசைகளுக்குப் பக்கத்தில் சோலார் பேனல்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையே உள்ள பள்ளத்தையும், சூடேறிவரும் பூமியையும் ஒரே கருவியால் சரிசெய்ய முடியுமா என்று உலக மாநாடுகளில் விவாதிக்கிறார்களே, அந்தக் கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

டீசலின் பிடி

ரண்ணின் நிலத்தடி நீர் கடல் நீரைவிடப் பல மடங்கு உப்புக் கொண்டது. அதை இரவும் பகலுமாக இறைத்துப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே இருந்தால்தான் வெயிலில் வற்றி உப்பு படியும். மின்சாரம் எட்டாத இடத்தில் இதற்கு ஒரே வழியாக இருந்தது டீசல் இன்ஜின். உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் அந்த இன்ஜினே விழுங்கியது.

கையில் காசில்லாத குடும்பம் பருவத் தொடக்கத்தில் டீசலுக்கு எங்கே போகும்? வியாபாரியிடம்தான். அவர் முன்பணம் கொடுப்பார். பதிலுக்கு விளையும் உப்பு அவருக்கே. விலையையும் அவரே சொல்வார். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது டீசலும் வட்டியும் போக மிஞ்சுவது சொற்பம். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. அடுத்த அக்டோபரில் மறுபடி அதே வாசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வறுமையும் புகையும் ஒரே குழாய் வழியாக வந்துகொண்டிருந்தன.

வெயிலே இங்கு மூலப்பொருள். அதே வெயிலில் பம்பையும் ஓட்டலாமே என்ற யோசனை எளியது. தடையாக இருந்தது விலை. 2010-ல் மத்திய அரசின் முதல் சூரிய மின் ஏலத்தில் ஒரு யூனிட்டின் விலை 10 ரூபாய்க்கு மேல். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பத்லாவில் அது ரூ. 2.44-க்கு இறங்கியது. பேனல்களின் விலை சரியச் சரிய, பாலைவனத்துக்கும் அவை வந்தன.

இலா பட் 1972-ல் அகமதாபாதில் தொடங்கிய சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கம், உறுப்பினர்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்து சோலார் பம்புகளை வாங்க வைத்தது. அகரியாக்களுக்காகப் பாடுபடும் அமைப்புகளும் இந்த முயற்சியில் இறங்கின. பின்னர் குஜராத் அரசு 80 சதவிகித மானியம் அறிவித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பம்ப் கிடைத்தது. டீசல் செலவு கணிசமாகக் குறைந்தது. மாதத் தவணை கட்டிய பிறகும் கையில் பணம் நிற்பதைப் பல குடும்பங்கள் முதல் முறையாகப் பார்த்தன. ராத்திரி குடிசையில் ஒரு பல்பும் எரிகிறது.

குறைகளும் உண்டு. சூரியன் மறைந்தால் பம்ப் நிற்கும். இரவில் இறைக்க வேண்டியவர்கள் பழைய இன்ஜினை இன்னும் வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்றும் புழுதியும் பேனலைப் பாழாக்காமல் அன்றாடம் துடைக்க வேண்டும். மழைக்கு முன் எல்லாவற்றையும் கழற்றி ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அதன்பின் நான்கைந்து மாதம் பேனல்களுக்கு வேலை இல்லை.

பம்ப் தொடாத இடங்கள்

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய தொழில்நுட்பச் சிக்கல்கள். தீராதவை வேறு. டீசல் முன்பணம் குறைந்தால் வியாபாரியின் பிடி தளரும். ஆனால் பாலைவனத்திலிருந்து உப்பைக் கொண்டுபோகும் லாரியும் சேமிப்புக் கிடங்கும் வாங்குவோரின் தொடர்பும் அவரிடம்தானே இருக்கின்றன? செலவு குறைந்த உப்புக்கு அவர் குறைந்த விலை சொன்னால், பேனல் தந்த லாபம் கை மாறிப் போகும். விளைச்சல் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். விலையைப் பேரம் பேசக் கூட்டுறவு வேண்டும். அதை எந்தத் தொழிற்சாலையும் தயாரித்துத் தருவதில்லை.

அடுத்தது நிலம். 1973-ல் சிறு ரண் காட்டுக் கழுதைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவித்தவர்கள் காகிதத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். யாருக்கு என்ன உரிமை என்று கண்டறியும் பணி 1997-ல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதன் பட்டியலில் பெயர் இல்லாத குடும்பங்கள் பாலைவனத்துக்குள் நுழையவே முடியாத சிக்கல் 2023-ல் எழுந்தது. ரண்ணுக்குள் போகவே அனுமதி இல்லாதவருக்கு 80 சதவிகித மானியத்தால் என்ன பயன்?

பேனல் யாருடையது?

நாட்டின் மற்ற இடங்களிலும் பாடம் இதேதான். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் பாவகடா வறட்சிக்குப் பெயர்போன தாலுகா. 2018-ல் அங்கே திறக்கப்பட்ட சூரிய மின் பூங்கா 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறன் கொண்டது. அரசு நிலத்தைக் கையகப்படுத்தாமல் ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ. 21,000 குத்தகை தந்தது. வானம் பார்த்த நிலக்கடலைச் சாகுபடியோடு ஒப்பிட்டால் நிலச்சொந்தக்காரருக்கு இது நிச்சயமான வருமானம். நிறைய நிலம் வைத்திருந்தவருக்கு நிறையக் குத்தகை. நிலமே இல்லாத விவசாயக் கூலிக்கு? களை பறிக்கும் வேலை போனது. ஆடு மேய்த்தவருக்கு மேய்ச்சல் நிலம் போனது. பேனல் கழுவும் வேலையும் காவல் வேலையும் ஒரு சிலருக்குக் கிடைத்தன. கரியமில வாயு குறைந்தது. ஊருக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு குறையவில்லை.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தூண்டி என்ற சிறிய கிராமம் வேறு வழியில் போனது. பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு ஆறு விவசாயிகள் கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். சோலார் பம்பால் வயலுக்கு நீர் இறைத்தது போக மீந்த மின்சாரத்தை யூனிட் ரூ. 4.63 வீதம் 25 ஆண்டுகள் வாங்கிக்கொள்ள 2016-ல் மின் விநியோக நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. மின்சாரம் விற்றால் காசு என்றதும், வீணாகத் தண்ணீர் இறைப்பதில் என்ன லாபம் என்ற கணக்கு வந்தது. உலகில் மிக அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சும் நாட்டில் இது சிறிய விஷயமல்ல. மின்செலவே இல்லாத பம்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் கிணறு வற்றும்வரை அது ஓடும்.

பிகாரின் தர்னாய் கிராமம் மூன்றாவது கதை. கிரீன்பீஸ் அமைப்பு 2014-ல் அங்கே 100 கிலோவாட் சூரிய மின் அமைப்பை நிறுவியது. பல்லாண்டு இருட்டில் கிடந்த ஊருக்கு வெளிச்சம் வந்தது. ஆனால் ஃபிரிஜ் போன்றவற்றை ஓட்ட அது போதவில்லை. ‘அசல் மின்சாரம்’ வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். மலிவான அரசு மின்சாரம் வந்ததும் சூரிய மின் அமைப்பு கைவிடப்பட்டது. நகரத்துக்கு ஒரு மின்சாரம், ஏழைக்கு ஒரு மின்சாரம் என்ற ஏற்பாட்டை ஏழை ஏற்பதில்லை என்பதற்கு தர்னாய் சாட்சி.

வெயிலின் மறுபக்கம்

பம்பை ஓட்டும் அதே சூரியன்தான் அகரியாவின் உடம்பையும் வாட்டுகிறது. 2010 மே மாதம் அகமதாபாதில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதன்பின் 2013-ல் மாநகராட்சி வெப்பத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், மருத்துவமனைகளுக்கு ஆயத்தம் என்று பெரும்பாலும் எளிய ஏற்பாடுகள். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. சேவாவும் 2023-ல் வெயில் காப்பீடு ஒன்றைத் தொடங்கியது. வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேலையிழப்புக்கு ஈடாகப் பணம். முதல் ஆண்டு வெயில் வாட்டியும் அந்த அளவு எட்டப்படவில்லை, திட்டத்தைத் திருத்தினார்கள். 2024-ல் மூன்று மாநிலங்களில் 50,000 பெண்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலோருக்குத் தொகை கிடைத்தது.

சராசரி இந்தியர் வெளியிடும் கரியமில வாயு உலக சராசரியில் பாதிகூட இல்லை. அகரியாவின் பங்கு அதிலும் துளி. ஆனால் பருவம் தவறிய ஒரு மழை அவருடைய ஆறு மாத உழைப்பைக் கரைத்துவிடுகிறது. நர்மதைக் கால்வாயின் உபரி நீர் ரண்ணுக்குள் பாய்ந்து பாத்திகளை மூழ்கடிப்பதும் நடந்திருக்கிறது. ஒரு தொழில்நுட்பத்தின் மிச்சம் இன்னொருவரின் நஷ்டம்.

சோலார் பம்ப் பயனற்றது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். கடனில் ஒரு பெரும் பகுதியை அது வெட்டியிருக்கிறது. எந்த அரசியல் வாக்குறுதியும் அதைச் செய்யவில்லை. மீதியை வெட்ட நிலப்பட்டியலில் பெயர், உப்புக்கு நியாய விலை, மழையில் கரைந்த பாத்திக்கு இழப்பீடு ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் தேவையான தொழில்நுட்பம் காகிதமும் பேனாவும்தான். அவை காந்திநகர் அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.