எரிவாயுவைச் சூடாக்க எரிவாயு

நெடுந்தூரக் குழாயில் 70 பார் அழுத்தத்தில் வரும் இயற்கை எரிவாயுவை, ஊருக்குள் விடும்முன் வால்வு வழியாக 20 பாருக்குக் குறைக்கிறார்கள்னு வச்சுக்குவோம். பாருக்கு ஏறத்தாழ அரை டிகிரி வீதம், சுமார் 25 டிகிரி சட்டென்று குளிர்ந்துவிடும்!

கல்லூரியில் நான் படித்த நல்லியல்பு வாயு இப்படிக் குளிராது. நிஜ வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக ஈர்க்கின்றன. விலகிப்போக ஆற்றல் வேணும். வெளியிலிருந்து வெப்பம் வர நேரமில்லை. அதனால் தங்கள் வேகத்திலிருந்தே கொடுக்கின்றன. வேகம் குறைந்தால் வெப்பநிலையும் குறையும். இதுதான் ஜூல்-தாம்சன் விளைவு.

வாயுவில் ஈரம் இருந்தால் வம்பு. நீரும் மீத்தேனும் சேர்ந்து, பனிக்கட்டி மாதிரி 'ஹைட்ரேட்' ஆகி வழியை அடைத்துவிடும். உயர் அழுத்தத்தில் இது 0 டிகிரிக்கு மேலேயே உருவாகும். குழாய்களை அடைப்பது இதுதான் என்று 1934-இல் அமெரிக்காவில் ஹேமர்ஷ்மிட் காட்டினார்.

அதனால்தான் பல நிலையங்களில் வால்வுக்கு முன்பே ஹீட்டர் வைக்கிறார்கள். அதில் எரிவதும் பெரும்பாலும் அதே வாயுதான்!