சேஷாத்ரி ஐயர் யார் பக்கம்?

சென்ற மாதம் எங்கள் விடுதியில் ஒரு சிறு வாக்குவாதம். காவிரியில் தொடங்கிய பேச்சு, "மைசூருக்கு வந்த தமிழர்களாகிய நீங்கள் யார் பக்கம்?" என்று கன்னட நண்பர் ஒருவர் கேட்டதோடு நின்றுபோயிற்று. அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் நூலகத்தில் ஒருவருடைய வரலாற்றைப் படித்தேன். அவர்தாம் சர் கே. சேஷாத்ரி ஐயர்.

1845-இல் பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1868-இல் மைசூர் அரசுப் பணிக்கு வந்தார். பணியில் இருந்தவாறே 1874-இல் சட்டப் பட்டமும் பெற்றார். 1883-இல் திவான் ரங்காச்சார்லு மறைந்ததும் அப்பொறுப்பு இவரை அடைந்தது. 1901 வரை, பதினெட்டு ஆண்டுகள் அதைத் தாங்கினார்.

தசராவையொட்டி மைசூரில் கூடிய பிரதிநிதி சபை ரங்காச்சார்லு 1881-இல் தொடங்கியது. அதன் உறுப்பினர்களைத் தேர்தல் மூலம் அனுப்பும் முறை 1891-இல் சேஷாத்ரி ஐயர் காலத்தில் வந்தது. வாக்குரிமை சொத்துடையோருக்கே கிட்டியது என்பது உண்மை. எனினும் முதற்படி அது.

1892-இல் காவிரி முதலிய ஆறுகளைப் பற்றிச் சென்னையும் மைசூரும் உடன்படிக்கை செய்துகொண்டன. எதிர்ப்புறம் இருந்தது அவர் பிறந்து படித்த சென்னை மாகாணம்; அவரோ மைசூரின் திவான். சட்டம் பயின்றவர் தம் கட்சிக்காரரை மறப்பாரா? குறிப்பிட்ட ஆறுகளில் புதிய பாசன வேலைகளுக்குச் சென்னையின் இசைவு வேண்டும் என்றானதால், மைசூருக்கு அது மனநிறைவு தரவில்லை. ஆயினும் அதே காவிரியைக் கொண்டு வேறொரு செல்வம் காண அவர் முனைந்தார். சிவனசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கத்தை எட்டியது. 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கெரிந்தது. இரண்டையும் காண அவர் இல்லை; 1901 செப்டம்பரில் மறைந்துவிட்டார்.

நம்மவர் என்பதற்காகக் குறையை மறைக்க வேண்டா. உயர்பதவிகள் சென்னையிலிருந்து வந்தவர்களுக்கே போகின்றன என்று மைசூர்க்காரர்கள் அவர் காலத்தில் மனம் நொந்தனர். அந்த மனக்குறையில் நியாயம் இருந்தது. சொந்த மண்ணில் படித்த இளைஞன் வாசலில் நிற்க, வந்தவன் உள்ளே அமர்ந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

நண்பர்களே, நாமும் இங்கு வந்தவர்களே. இந்த மண்ணுக்கு உழைத்த அவருடைய நேர்மையையும், அவர் காலத்து மக்களின் மனக்குறையையும் சேர்த்தே நினைவில் கொள்வோம். அந்தக் கன்னட நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியானால் வா, சிவனசமுத்திரத்தைப் பார்த்து வரலாம்" என்றார். அடுத்த ஞாயிறு புறப்படுகிறோம்.